ஏலத்துக்கு வந்த எஸ்டிமேட்

கிழக்குத் தாம்பரத்தில் என் குரலுக்குப் பயப்படாத நாய் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். விசில் தொலைந்துபோன நாளில்கூட மைதானத்தில் ஒரு பிள்ளை அசையாது. ரிட்டையரான பிறகு இந்தக் குரல் வீணாகப் போகக் கூடாதென்று எங்கள் சபையில் இரண்டு வேலைகளை என் தலையில் கட்டினார்கள். ஒன்று, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மைக் பிடிப்பது. இன்னொன்று, மருத்துவ உதவி நிதிக்குக் கணக்கு எழுதுவது. முதல் வேலைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. இரண்டாவதற்கு ஹில்டா டீச்சரைப் போடலாம் என்று சொன்ன மகராசன் யாரென்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த நிதியில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. நூற்று நாற்பது குடும்பம், மாசம் குடும்பத்துக்கு முந்நூறு ரூபாய், எல்லாம் ஒரே பொதுப் பணம். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் பில்லைக் கொண்டு வருவார்கள், கமிட்டியில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்கள், பணம் போய்விடும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்றால் என் ஒரு கையெழுத்தே போதும். பதினெட்டு வருஷம் இப்படியே ஓடியது. யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஒருத்தர் உட்கார்ந்து யோசித்தார், அப்போது பிடித்தது சனி.

யோசித்தவர் மோகன்ராஜ், எங்கள் சபைச் செயலாளர். நாவலூரில் ஒரு கம்பெனியில் ஃபைனான்ஸ் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட கழுத்தில் ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு வருகிற ஆள். போன வருஷம் ஜூலையில், ஆராதனை முடிந்து எல்லோரும் வடை எங்கே என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஹாலில் புரொஜெக்டரைப் போட்டார்.

"போன வருஷம் பதினோரு ஃபேமிலி நாலு லட்சம் வாங்கியிருக்காங்க. மீதி நூத்தி இருபத்தொன்பது ஃபேமிலிக்கு என்ன கிடைச்சுது? ஜீரோ. நீங்க கட்டுறீங்க, வேற யாரோ போய்ப் படுத்துக்கறாங்க. இது ஃபேரா?"

ஹாலில் ஒரு சலசலப்பு. பதினெட்டு வருஷமாக யாருக்கும் தோன்றாத அநியாயம் அந்த ஒரு நிமிஷத்தில் எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

இனிமேல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கணக்கு என்றார். உன் பணம் உன் பாஸ்புக்கில், உன் வியாதிக்கு மட்டும். வியாதி வராவிட்டால் அது அப்படியே சேர்ந்துகொண்டே போகும், பிள்ளைகளுக்குப் போகும். சொந்தப் பணம் என்றால் ஜனங்கள் யோசித்துச் செலவு பண்ணுவார்களாம். சும்மா சும்மா டாக்டரிடம் ஓடமாட்டார்களாம். ஏற்கெனவே இருந்த பன்னிரண்டு லட்சத்து அறுபதாயிரத்தைப் பங்கு போட்டால் குடும்பத்துக்கு ஒன்பதாயிரம் முதல் நாளே வரவு. ஒருத்தர் கணக்கிலிருந்து இன்னொருத்தருக்கு மாற்றக் கூடாது. விதியை மாற்றுவதென்றால் ஜனவரி பொதுக்கூட்டத்தில்தான் மாற்ற வேண்டும்.

ஒன்பதாயிரம் என்றதும் கைகள் எழுந்தன. நானும் தூக்கினேன். ஒன்றல்ல, இரண்டு கையையும். என் வீட்டுக்காரர் ஆபேல் பதினெட்டு வருஷத்தில் ஒரு தலைவலிக்குக்கூடக் கிளெய்ம் பண்ணாத மனுஷன். எங்களுக்குத்தானே நஷ்டம் என்று எனக்கு அன்றைக்கு ஒரே ஆத்திரம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீலக் கலரில் பாஸ்புக் அச்சடித்து வந்தது. அதன் பிறகு எங்கள் சபையில் வியாதியே இல்லாமல் போய்விட்டது. நிஜமாகவே இல்லை, யாரும் டாக்டரிடமே போகவில்லையே! ஜான்சி டீச்சர் பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டு, பாஸ்புக் முழுசாக இருக்கிறது என்று எல்லோரிடமும் காட்டினாள். நான் சுகர் டெஸ்ட் எடுத்து ஏழு மாசம் ஆகியிருந்தது. ஆபேலுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. நாலு மாசமாகக் கிராம்பை வைத்து அடைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்தாலே பிரியாணி வாசனை அடித்தது. "பல்லுக்குப் போய் ஆறாயிரமா? பேலன்ஸ் பாதியாயிடும் ஹில்டா," என்றார். சரி என்று நானும் ஒரு பாக்கெட் கிராம்பு வாங்கி வைத்தேன்.

மோகன்ராஜுக்கு ஒரே சந்தோஷம். ஒரு வருஷத்தில் செலவு முக்கால்வாசி குறைந்துவிட்டது என்று நோட்டீஸ் போர்டில் கலர் படம் ஒட்டினார்.

இப்போது ரத்தினத்துக்கு வருகிறேன். ரத்தினம் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வேளச்சேரிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மனைவி செல்வமேரி சமையல் வேலைக்குப் போகிறாள். நகரத்துக்குள் இருந்த வீட்டை இடித்து, பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆறாவது மாடியில் கொண்டுவந்து வைத்த குடும்பம். அட்ரஸ் மாறியதில் அரசாங்கக் காப்பீட்டு அட்டை எங்கேயோ சிக்கிக்கொண்டு இன்னும் வந்து சேரவில்லை. மழையோ வெயிலோ, மாசம் முந்நூறு தவறாமல் கட்டிவிடுவார்கள். இந்த ஜூலையில் மகள் கிறிஸ்டினாவுக்கு டெங்கு வந்தது. பாஸ்புக்கில் இருந்த பன்னிரண்டாயிரத்து அறுநூறும் அதோடு துடைத்தாயிற்று.

ஆகஸ்டில் ரத்தினத்துக்கு வயிற்றுவலி. வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டி நிற்பதை நானே கேம்ப் ரோட்டில் பார்த்தேன்.

"ஏண்டா, ஸ்கேன் எடுக்கலையா?"

"ஆயிரத்தி ஐநூறு சொல்றான்க்கா. பாஸ்புக்ல முந்நூறுதான் கீது. மாசா மாசம் ஏறிக்கினே போனா டிசம்பர்ல ஆயிரத்தி ஐநூறு ஆயிடும். கிறிஸ்மஸுக்கு எடுத்துக்கறேன்க்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். பழைய நிதியாக இருந்தால் அங்கேயே, அவன் ஆட்டோ பானெட் மேலேயே பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அந்த அதிகாரத்தை இரண்டு கையையும் தூக்கி நான்தான் விட்டுக்கொடுத்தேன்.

ரத்தினத்தின் பித்தப்பை கிறிஸ்மஸ் வரைக்கும் காத்திருக்கவில்லை. செப்டம்பர் கடைசியில், அறுப்பின் பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால், சவாரியோடு பள்ளிக்கரணையில் மயங்கி ஸ்டியரிங் மேல் சாய்ந்தான். நல்ல வேளை, சிக்னலில் வண்டி நின்றிருந்தது. பயணிகளே பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கல் அடைத்து, சீழ் வைத்து, காய்ச்சல் நூற்று மூன்று. மருந்து ஏற்றிக் காய்ச்சலை இறக்கிய டாக்டர், செவ்வாய்க்கிழமைக்குள் பித்தப்பையை எடுத்தாக வேண்டும், இந்த நிலைமையில் வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது நல்லதல்ல என்றார். எஸ்டிமேட் ஒரு லட்சத்து இருபதாயிரம். திங்கட்கிழமை காலையில் கட்ட வேண்டும்.

அந்தத் தாளைச் செல்வமேரி என் கையில் கொடுத்தாள். "கமிட்டியாண்ட காட்டுங்கக்கா. எதுனா வழி பண்ணுவாங்க."

சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டியில் காட்டினேன். பாஸ்டர் தாளைப் பார்த்துவிட்டு ஜெபிப்போம் என்றார். ஜெபித்தோம். பிறகு மோகன்ராஜ் லேப்டாப்பைத் திறந்தார்.

"அவங்க அக்கவுண்ட்ல சிக்ஸ் ஹண்ட்ரட் இருக்குக்கா. அதை உடனே ரிலீஸ் பண்ணிடலாம்."

"தம்பி, பேங்க்ல மொத்தம் எவ்வளவு இருக்கு?"

"செவன்ட்டீன் லேக்ஸ் சொச்சம்."

"பதினேழு லட்சத்தை வெச்சுக்கிட்டு அறுநூறு ரூபாயைத் தூக்கிக் கொடுக்கச் சொல்றீங்களா?"

"அந்தப் பதினேழு லட்சம் நூத்தி நாப்பது பேரோட பர்சனல் மணி. அதுல கை வைக்க நமக்கு ரைட் இல்லை. ஜனவரி ஜெனரல் பாடில கொண்டு வரலாம். எனக்கும் வருத்தம்தான்க்கா, ஆனா ரூல் ரூல்தான்."

"பித்தப்பைக்கு ஜனவரி எதுன்னு தெரியாது தம்பி."

அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முகம் சுண்டித்தான் போயிருந்தது. தான் மாட்டின கதவில் தானே விரலை நசுக்கிக்கொண்ட ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனால் கதவைத் திறக்க மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் டமால் டமாலென்று வைத்தேன். ஆபேல் வீங்கின கன்னத்தோடு ஹாலில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாளைக்கு ஏலம். பூசணிக்காய், வாழைத்தார், கேக், சேவல். போன வருஷம் ஒரு பூசணிக்காயைப் பதினெட்டாயிரத்துக்கு விட்டேன் நான்! அந்த நினைப்பு வந்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

எங்கள் சபை ஏலம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுப்பின் பண்டிகையன்று ஆளுக்கொரு பொருளைக் காணிக்கையாகக் கொண்டு வருவார்கள். அதை ஏலம் விடுவோம். எடுக்கிறவர் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். அப்படிப் போனால் கஞ்சன் என்று பேர். பணத்தைக் கட்டிவிட்டு, "திரும்ப விடுங்க" என்பார். அதே பூசணிக்காய் திரும்ப ஏலத்துக்கு வரும். இன்னொருத்தர் எடுப்பார். அவரும் திரும்பக் கொடுப்பார். ஒரு பூசணிக்காய் ஏழெட்டுச் சுற்று வந்து, கடைசியில் யாராவது சாம்பார் வைக்கிற உத்தேசத்தோடு தூக்கிக்கொண்டு போனால் உண்டு. மாசம் முந்நூறு போகிறதே என்று புலம்புகிற அதே ஆள் அங்கே பத்தாயிரத்தை வீசுவான். பக்திதான். அதோடு பக்கத்து பெஞ்சுக்காரனை ஜெயிக்கிற வெறியும் கொஞ்சம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. பந்தல் நிறைய ஜனம். ஆறு ஐட்டம் போனது. ஏழாவதாகக் கேக் போக வேண்டும். நான் கேக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெற்றிலைத் தட்டில் அந்தத் தாளை வைத்துத் தூக்கிக் காட்டினேன்.

"ஐட்டம் நம்பர் ஏழு! ரத்தினத்தோட ஆபரேஷன் எஸ்டிமேட்! சமைக்க முடியாது, சாப்பிட முடியாது, வீட்டுல வெச்சா அதிர்ஷ்டமும் கிடையாது. ஒரு லட்சத்து இருபதாயிரம் நாளைக்குக் காலையில கட்டணும். கேளுங்க!"

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். மோகன்ராஜ் எழுந்து, "அக்கா, இது ப்ரொசீஜர்..." என்று ஆரம்பித்தார்.

"தம்பி, காணிக்கையா எது வந்தாலும் ஏலம் விடலாம்னுதான் ரூல். உங்க லேப்டாப்பைக் கொண்டாங்க, அதையும் விடறேன்."

சிரிப்பு கிளம்பியது. முன் வரிசையில் ஏசுதாசன் சார் தொண்டையைக் கனைத்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையரானவர். மோகன்ராஜுக்கும் அவருக்கும் வருஷா வருஷம் முதல் கேக்கை எடுப்பதில் சண்டை வரும்.

"பதினஞ்சாயிரம்," என்றார், மோகன்ராஜைப் பார்த்துக்கொண்டே.

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஏசுதாசன் சார் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "திரும்ப விடுங்க டீச்சர்" என்றார்.

அவ்வளவுதான், பந்தல் பற்றிக்கொண்டது. மோகன்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஏசுதாசன் சார் திரும்பி, "செயலாளருக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதுதான் தாமதம், "ட்வென்ட்டி ஃபைவ் தவுசண்ட்!" என்று மோகன்ராஜ் கத்தினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி கெசியா, "திரும்பக் குடுத்துடுங்க, அந்தப் பேப்பரை வெச்சு நாம என்ன பண்ண?" என்றாள். மறுபடி தட்டில் விழுந்தது.

வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் போனிலேயே காசு சேர்த்துப் பதினெட்டாயிரம். பாடகர் குழுப் பெண்கள் இருபத்திரண்டாயிரம். பிறகு யார் கையை உயர்த்துவது என்று பார்த்தால் ஆபேல்! வாயைத் திறக்க முடியாமல் பத்து விரலையும் காட்டினார், அப்புறம் ஒரு விரலைக் காட்டினார். பதினோராயிரம். மைக்கிலேயே, "நாளைக்குப் பல்லைப் பிடுங்கிடறோம்யா" என்றேன். ஜான்சி ஒன்பதாயிரம். கூட்டினால் சரியாக ஒரு லட்சம். ஏசுதாசன் சார் மறுபடி எழுந்தார். மோகன்ராஜை விட ஆயிரம் கூட இருக்க வேண்டுமாம். இருபத்தாறாயிரம்!

ஒன்று இருபத்தாறு. கேட்டதைத் தாண்டிவிட்டது. நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஜனம் குஷியில் இருந்தது. "விடுங்க, விடுங்க!" என்று கத்தினார்கள். எனக்கும் குரல் ஏறிப்போயிருந்தது. எட்டாவது முறையாகத் தட்டைத் தூக்கி, "ரத்தினத்தோட பித்தப்பை! கல்லோட சேர்த்துத் தர்றோம், கேளுங்க!" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பந்தலுக்குப் பின்னாலிருந்து செல்வமேரி வந்தாள்.

அவள் அங்கே இருக்கிறாள் என்பதையே நான் மறந்துவிட்டேன். பண்டிகைச் சமையல் வருஷா வருஷம் அவளுடையதுதான். மகளை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு, மூவாயிரம் ரூபாய் கூலியை விட முடியாமல் வந்து, ஷெட்டில் ஐந்நூறு பேருக்கு பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தாள். மைக் சத்தம் ஷெட்டுக்குக் கேட்காமல் இருக்குமா? என் சத்தம் சேலையூர் ஏரி வரைக்கும் கேட்கும்.

புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். கையெல்லாம் வெங்காயம். ஜனம் வழி விட்டது. நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, என் புருசனைப் பூசணிக்கா கூட வெச்சிக் கூவிக்கினு கீறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை.

"எவ்ளோ சேந்துச்சி?"

"ஒன்னு இருபத்தாறு," என்றேன்.

"ஆஸ்பத்திரில கேட்டது ஒன்னு இருபதுதானே? அப்புறம் இன்னாத்துக்குக் கூவுறீங்க?"

ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாம். ஷெட்டு இருபது அடி தூரம்தான். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. காசு திரட்டுகிற ஜோரில், அந்தத் தாளில் இருப்பது ஒரு மனுஷனின் பெயர் என்பதே மறந்துபோய்விட்டது.

செல்வமேரி ஜனத்தின் பக்கம் திரும்பினாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"குடுத்தவங்களுக்கு எல்லாம் நன்றி. சத்தியமா சொல்றேன், மறக்க மாட்டேன். இப்ப நான் கேக்கறேன். என் பாஸ்புக்ல அறநூறு கீது. அறநூறு ரூபா."

நான் மைக்கைத் தூக்கினேன். "அறுநூறு. ஒரு தரம்."

பழக்கதோஷத்தில் மோகன்ராஜின் வாய் திறந்தது. கெசியா டக்கென்று தன் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினாள். ஏசுதாசன் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு தரம்."

மூன்றாவது தரம் எனக்கு வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் மைதானத்தில் கத்தின நான் மைக்கை இறக்கினேன். செல்வமேரி என்னைப் பார்த்தாள். "சொல்லுங்கக்கா," என்றாள், கொஞ்சம் இறங்கின குரலில். சொன்னேன். மைக்கில் கேட்டிருக்காது.

அவள் தட்டிலிருந்து தாளை எடுத்தாள். திரும்ப விடுங்க என்று சொல்லவில்லை. நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சோறு தம்ல கீது. அரைமணில வந்து குந்துங்க," என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குப் போனாள்.

சாப்பாடு முடிந்து, அண்டாவை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆபீஸ் ரூமுக்கு வந்தாள். பணக் கவரைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன், வாய் விட்டே. "வுடுங்கக்கா, காசு வந்துச்சில்ல," என்றாள். பிறகு பைக்குள்ளிருந்து நீலப் பாஸ்புக்கை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"எழுதிக் குடுங்க. ஏலத்துல கேட்டுட்டு ஏமாத்திட்டான்னு பேர் வரக் கூடாது."

மோகன்ராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. நான் எழுதினேன். சொந்தச் சிகிச்சைக்காக, அறுநூறு ரூபாய். இருப்பு, சைபர். அவள் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிறிஸ்டினாவுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். ரத்தினத்துக்கு அது ஆகாது.

ஏலக் காசு முழுக்க ஜனங்களின் சட்டைப் பையிலிருந்தும் போனிலிருந்தும் வந்தது. ஆபேலின் பதினோராயிரம்கூட எங்கள் வீட்டு சேவிங்ஸிலிருந்து எடுத்ததுதான். டிராயரைத் திறந்து எங்கள் பாஸ்புக்கைப் பார்த்தேன். பதிமூவாயிரத்து இருநூறு, ஒரு பைசா குறையவில்லை. வியாதிக்கென்றே சேர்த்து வைத்த பதினேழு லட்சத்திலிருந்து, செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஒருத்தனுக்கு அன்றைக்கு வெளியே போனது அவன் பெண்டாட்டியின் அறுநூறு ரூபாய் மட்டும்தான்.